பன்னிரண்டுக்கு மேல் இல்லை

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் இருபத்துமூன்று பேர் பஸ்ஸில் போகிறோம். கேளம்பாக்கம் தாண்டி, பழைய புதைகுழிகளைத் தோண்டிய மேட்டையும் அதன் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்ப்பதாகத் திட்டம். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. பெயர், வயது, சாப்பிடும் மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தை நானாகப் போட்டேன்: 'எத்தனை படி ஏறுவார்'.

அந்தக் கட்டத்தை உங்களில் ஒருவரையும் கேட்காமல் நிரப்பிவிட்டேன். நம் குடியிருப்பின் முதியோர் மன்ற அறைக்கு ஒன்பது படிகள். ஆறு வாரமாக எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் ஏறுவதைப் பார்த்தேன். யார் எந்தப் படியில் கைப்பிடியைத் தேடுகிறீர்கள், யார் எந்தப் படியில் செல்போனைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்குகிறீர்கள், எல்லாம் நோட்டில் இருக்கிறது. மூன்றாம் பிளாக் டீச்சரம்மாவுக்கு ஐந்து. பேங்க்காரருக்கு ஏழு, அதுவும் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால். எனக்குப் பதினொன்று. மூன்று பேருக்குப் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்' என்று பென்சிலால் எழுதினேன்.

அந்த இடத்துக்கும் இரண்டு தடவை போய் வந்தேன். வாசல் சாய்தளம் பதினேழு எட்டு, கைப்பிடி ஒரு பக்கம்தான். மேட்டின் மேல் பலகை நடைபாதை இருநூற்றுப் பத்து எட்டு, நடுவில் உட்கார ஒரே ஒரு பெஞ்சு. சக்கர நாற்காலி இரண்டு, அதில் ஒன்றுக்குக் காற்று இல்லை.

நேற்று பட்டியலைப் பேனாவால் எழுத உட்கார்ந்தேன். முதல் பூஜ்யத்தில் கை நின்றுவிட்டது. இதே வேலையை எனக்குப் பத்து வயதில் கொடுத்திருந்தார்கள். அப்போது நான் சொன்ன ஓர் எண்ணால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பட்டியலை உங்களிடம் கொடுக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒரே அக்கா, மூன்று வயது மூத்தவள். நாலு வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பிகளும் தோல் பட்டைகளுமாக ஒரு காலிபர் போட்டிருப்பாள். பட்டைகள் நான்கு. அடியில் கனமான பூட்ஸ். அவள் நடந்தால் தரையில் 'டக்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஓர் இழுப்பு. பக்கத்து வீட்டு நாய் அந்தச் சத்தத்துக்கு எழுந்து வழிவிடும். எங்கள் குளியலறை ஆணியில் ஐந்தாவதாக ஒரு பட்டை தொங்கும். மற்றவற்றைவிட அகலம், நடுவில் சிறு மெத்தை வைத்துத் தைத்தது. காலிபருக்கு உபரிப் பட்டை என்று நினைத்திருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் கடைசித் தெருவில் குடியிருந்தோம். அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அக்காவை வெளியே அழைத்துப் போவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. கல்யாண மண்டபமோ சினிமாக் கொட்டகையோ கோவிலோ, முதலில் நான் போய்ப் படிகளை எண்ணிவிட்டு வர வேண்டும். அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடி கேட்பார்.

"எத்தனை?"

"ஒன்பதுப்பா."

"சரி, கிளம்பலாம்."

ஆறு படிவரை இருந்தால் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஏழிலிருந்து பன்னிரண்டுவரை இருந்தால் அப்பா முதல் படியிலிருந்தே தூக்கிக்கொள்வார். பன்னிரண்டுக்கு மேல் இல்லை. பதின்மூன்று என்று நான் சொன்னால் அம்மா அக்காவின் பட்டுப்பாவாடையை மறுபடி பெட்டியில் மடித்து வைத்துவிடுவாள். ஏன் பன்னிரண்டு என்று யாரும் கேட்டதில்லை. அக்காவின் உடம்பு அவ்வளவுதான் தாங்கும், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இதில் எனக்குப் பெருமை வேறு. வாசற்படியைச் சேர்ப்பதா, தேய்ந்துபோன படியை முழுதாக எண்ணுவதா பாதியாக எண்ணுவதா, எல்லாவற்றுக்கும் என்னிடம் சட்டம் இருந்தது.

"டேய், அந்த மண்டபத்துல கடைசிப் படி ரொம்பச் சின்னதுதானே? அதை மட்டும் முழுங்கிடேன்" என்று அக்கா கெஞ்சுவாள்.

"படின்னா படிதான்" என்பேன்.

பதின்மூன்றாவது படியால் அவள் பார்க்காமல் போன கல்யாணங்கள் ஐந்து. சினிமா இரண்டு.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. லாரிகள் வந்து ஓரத்திலிருந்து சரளை அள்ளிப் போகும். மேட்டின் மேல் செம்பாறைக் கற்கள் வட்டம் வட்டமாகப் பதிந்து கிடக்கும். வட்டங்கள் ஏழு, பெரிய வட்டத்தில் கற்கள் இருபத்தாறு. எங்களுக்கு அவை கிரிக்கெட் எல்லைகள். ஓரத்து வட்டத்தில் ஒரு கல்லின் மேல் அக்கா உட்கார்ந்து ரன் கணக்கு வைப்பாள். எங்களில் ஒருவரும் அவளை ஆடக் கூப்பிட்டதில்லை. தகராறு வந்தால் மட்டும் தீர்ப்புக்குக் கூப்பிடுவோம். மற்ற நேரம் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

அப்படிக் கிளறியதில் ஒரு நாள் அவளுக்கு ஒன்று கிடைத்தது. சுட்ட மண். ஒரு சாண் நீளம், என் மணிக்கட்டைவிடத் தடிமன், உள்ளே குழல். ஒரு முனை தட்டை, மறுமுனை உடைந்திருந்தது. தண்ணீர் தெளித்து முகர்ந்தால் கோடை மழை பெய்த வாசல் மாதிரி மணக்கும். பழந்துணியில் சுற்றிப் பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு இது?"

"அழகா இருக்கு."

என்ன அழகு என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்கு நாற்பது நாள் கழித்து, கயிறும் முளைக்குச்சியுமாகத் தோண்டுகிறவர்கள் வந்தார்கள். ஓர் ஆபீசர், பதினான்கு கூலியாட்கள். எங்கள் ஆட்டம் நின்றது. பெரிய வட்டத்துக்குள் ஆளுயரம் தோண்டி, தொட்டில் மாதிரி நீளமான ஒரு மண்பெட்டியை எடுத்தார்கள். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். ஈமப்பேழை என்றார் ஆபீசர். கூடை சுமந்த பெண் அக்காவிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"இது குள்ளனுங்க தொட்டி பாப்பா. செத்தா இதுலதான் படுக்க வெச்சி மூடுவாங்களாம். கிட்ட போவாத, கனவுல வருவானுங்க."

"வரட்டும்க்கா. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."

அந்தப் பெண் வாயில் வெற்றிலையோடு சிரித்து, கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

பெட்டியை வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் ஏற்றி, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். கொஞ்ச நாள் ஜனங்கள் பார்க்கலாம், பிறகு பட்டணத்துக்குப் போய்விடும் என்றார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து வரிசை வரிசையாகப் போனார்கள். அக்காவின் வகுப்பும் போனது. "நீ லைப்ரரியில உக்காந்து படிம்மா" என்று டீச்சர் அவளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். மறுநாள் எங்கள் வகுப்பு. கிளம்பும்போது அப்பா வழக்கம்போலச் சொன்னார்: "எண்ணிக்கிட்டு வா."

எண்ணினேன். கீழ் அடுக்கு எட்டு, மேல் அடுக்கு பதினொன்று, ஆகப் பத்தொன்பது. பெட்டியையும் எண்ணினேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி எப்படி இருந்தது?"

"பதினொரு கால்."

"பதினொண்ணா? ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சலாவா இருக்கும்? நல்லா எண்ணினியா?"

"ரெண்டு தடவை எண்ணினேன். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் அஞ்சு. இல்லாத காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்காங்க."

அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். துணியைப் பிரித்து, அந்தச் சுட்டமண் துண்டைத் தட்டையான முனை கீழே இருக்கும்படி தரையில் நிறுத்தினாள். அது நின்றது. அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, அது ஒரு கால்.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"சொன்னா அவ்வளவுதான். சர்க்கார் சொத்தை வீட்ல வெச்சிருந்தோம்னு வேலை போயிடும்னு பயப்படுவார். கொண்டுபோய்க் கிணத்துல போட்டுடுவார்."

"அப்ப நான் எடுத்துட்டுப் போய்க் கொடுக்கிறேன்."

"நீ கொடுத்தா நீ கண்டுபிடிச்சதா ஆயிடும். நானே போகணும். நானே வெச்சுப் பார்க்கணும்." துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "எத்தனை படி?"

"கீழ எட்டு, மேல் வரிசை பதினொண்ணு. பத்தொன்பது."

அவள் முகம் வாடியது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "மேல் வரிசை மட்டும் பதினொண்ணுன்னு சொன்னியே. அதை மட்டும் சொல்லு. பொய் இல்லையே."

நான் வாழ்க்கையில் எண்ணிச் சொன்ன எண்களில் அது ஒன்றுதான் கணக்குத் தப்பாமலே தவறானது. ஈஸிசேருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"பதினொண்ணுப்பா."

"சரி. ஞாயித்துக்கிழமை போகலாம்."

கடைசி நாள் அதுதான். திங்கட்கிழமை பெட்டி பட்டணம் போகிறது.

தாம்பரம் ஸ்டேஷனில் எடை பார்க்கும் மெஷினில் ஏற அக்காவுக்கு எப்போதும் ஆசை. விளக்குகள் சுற்றி, 'டங்' என்று ஒரு சீட்டு விழும். முந்தைய தடவை காலிபரோடு முப்பத்தொரு கிலோ. அன்றைக்கு முப்பத்தாறு. சீட்டின் பின்புறம் 'உங்கள் முயற்சி வீண் போகாது' என்று அச்சடித்திருந்தது. அக்கா அதைப் படித்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்பா எடையைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏறிப்போச்சே" என்றார். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரயிலில் அக்கா ஜோல்னாப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையில் இறங்கியதும் தோல் பதனிடும் நாற்றம் மூக்கில் ஏறியது. சைக்கிள் ரிக்ஷாவில் நானும் அக்காவும். அப்பா பக்கத்தில் நடந்து வந்தார். அவர் ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் நான் நூறு, நூற்றொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சொல்லிவிடலாமா என்று நூறுக்கு ஒரு தடவை நினைத்தேன். சொல்லவில்லை.

பங்களா வாசலில் அப்பா அண்ணாந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. கீழ் அடுக்கு எட்டு. பிறகு சிறிய மேடை. அங்கே திரும்பினால் மேல் அடுக்கு. அதற்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று.

"பதினொண்ணுன்னியே."

"மேல் வரிசை பதினொண்ணுப்பா."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் அக்கா.

"திரும்பிப் போயிடலாம்."

"இன்னிக்கு விட்டா கிடையாதுப்பா. நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

படிக்கட்டின் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். "இன்னா சார் யோசிச்சிகினு நிக்கிற? பன்னண்டரைக்குப் பூட்டிடுவேன். பாப்பா, பையில இன்னா? தேங்கா ஒடைக்கிற எடம் இல்ல இது."

"புஸ்தகம்" என்றாள் அக்கா. பையை இன்னும் இறுக்கினாள்.

"புஸ்தகமா? இம்மாம் வெயிட்டா? இன்னா, கலெக்டருக்குப் படிக்கிறியா?"

கீழே இறங்கி வந்த ஒரு அம்மாள் நின்று, "ஐயோ பாவம், எவ்ளோ அயகான பொண்ணு" என்றாள். அக்கா சுண்டுவிரலை மடக்கினாள். ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் எத்தனை 'ஐயோ பாவம்' கிடைத்தது என்று அவள் விரல்விட்டு எண்ணி, வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொல்வாள். அவளும் எண்ணுகிறவள்தான்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இடுப்புக்குக் கீழே இரண்டு கையாலும் ஒரு தடவை அழுத்திக்கொண்டார். பிறகு அக்காவைத் தூக்கினார்.

நான் பின்னால் எண்ணிக்கொண்டே ஏறினேன். எட்டு வரை ஒரே மூச்சு. மேடையில் நிற்பார் என்று நினைத்தேன், நிற்காமல் திரும்பினார். ஒன்பது. பத்து. பதினொன்றில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பன்னிரண்டில் நின்றுவிட்டார்.

நின்றவர் அசையவில்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சுவர்ப் பக்கம் சாய்ந்தார். காதுக்குப் பின்னாலிருந்து வேர்வை சட்டைக் காலருக்குள் ஓடியது. அக்காவின் பூட்ஸ் வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் பின்னால் ஒரு குடும்பம் ஏறி வந்து நின்றது. மேலே இறங்க வேண்டியவர்கள் நின்றார்கள்.

"சார், நடுவுல வண்டி நின்னாப்புல நிக்காத சார்" என்று கீழேயிருந்து காவலாளி கத்தினார். "ஏறு, இல்லாங்காட்டி எறங்கு. பேஜார் பண்ணாத."

"அப்பா" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் இருபத்திரண்டு மூச்சு எண்ணினேன்.

"அப்பா, என்னை இறக்கி விடுங்க" என்றாள் அக்கா.

"சும்மா இரு."

"இறக்கி விடுங்கப்பா. எனக்கு வரும்."

அவர் சுவரோடு சறுக்கிப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அக்கா அவர் பக்கத்தில் வந்து விழுந்தாள். காலிபர் கல்லில் மோதிய சத்தம் மாடிவரை கேட்டது. யாரோ தூக்கிவிடக் கை நீட்டினார்கள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஜோல்னாப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஜனங்களைப் பார்த்தபடி, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் இருந்த மேல்படியில் ஊன்றினாள். வலது காலால் உந்தினாள். உடம்பு ஒரு படி ஏறியது. இடது கால் பின்னாலேயே வந்து 'டக்' என்றது.

பதின்மூன்று.

'டக்.' பதினான்கு. அவளுக்கு இது புதிது இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பள்ளியில் சயின்ஸ் ரூம் மாடியில் இருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தினமும் இருபத்திரண்டு படி இப்படி ஏறிப் பழகியிருக்கிறாள். அவள் பாவாடைகளின் பின்பக்கம் தேய்ந்து தேய்ந்து அம்மா ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் அப்பாவிடம் சொல்லவில்லை.

பதினெட்டு. பத்தொன்பது. கீழே யாரோ கை தட்டினார்கள். அக்காவுக்கு அது 'ஐயோ பாவ'த்தைவிடப் பிடிக்கவில்லை.

நான் அப்பாவிடம் ஓடினேன். "நீ அவகூடப் போ" என்றார். "நீங்க?" "நான் பார்த்துட்டேன்" என்றார். அவர் எதையும் பார்க்கவில்லை.

உள்ளே மணல் பரப்பின் நடுவே பெட்டி இருந்தது. சுற்றிலும் கயிறு. தோண்டிய ஆபீசர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கயிற்றருகே போய், செங்கல் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பையிலிருந்து துணிச்சுருளை எடுத்துப் பிரித்தாள். அதற்குள் ஆபீசர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன அது?"

"இதோட கால் சார். என்கிட்ட இருக்கு. திருடலை. நீங்க வர்றதுக்கு முன்னாடியே கிடைச்சது."

போலீஸைக் கூப்பிடுவாரோ என்று நான் கதவைப் பார்த்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணலில் மண்டியிட்டு, உடைந்த இடத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு ஓர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார்.

"சேரலையேம்மா" என்றார். "இது தடிமன் அதிகம்."

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பத்தொன்பது படி, அதற்காக அப்பா வெளியே சுவரில் சாய்ந்து கிடக்கிறார்.

ஆனால் ஆபீசர் எழுந்திருக்கவில்லை. "அப்படின்னா இது வேற ஒரு பெட்டியோட கால். இன்னொண்ணு அங்க இருக்கு. எங்க கிடைச்சது? இடத்தைக் காட்ட முடியுமா?"

"அவளால முடியாது சார்" என்றேன். முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான். "மேடெல்லாம் இப்பத் தோண்டிப் போட்டிருக்கு. அவளால நடக்க முடியாது."

"உன்னைக் கேட்கலை தம்பி." அவர் அக்காவைப் பார்த்தார். "உன்னால எவ்வளவு தூரம் நடக்க முடியும்?"

அவளிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பழக்கமில்லாததால் ஒரு நிமிஷம் முழித்தாள்.

"நடுவுல மூணு தடவை உக்காரணும் சார்" என்றாள். "உக்கார விட்டா எவ்வளவு தூரம்னாலும் வருவேன்."

இறங்கும்போது அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அப்பா சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். நான் நடுவில். யார் கையைப் பிடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கையைத் தரவில்லை. காவலாளி தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். "உக்காரு சார், உக்காரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. தண்ணி குடிக்கிறியா?" அப்பா தண்ணீர் குடித்தார்.

அப்பா பதினாறு நாள் ஆபீஸ் போகவில்லை. முதுகுப் பிடிப்பு என்று எங்களிடம் சொன்னார்கள்.

நான்காம் நாள் ஆபீசர் ஜீப் அனுப்பினார். மேட்டில் அக்கா மூன்று தடவை உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை உட்கார்ந்த கல்லைத் தட்டி, "இங்கதான் சார். இந்தக் கல்லுலதான் ரன் எழுதுவேன்" என்றாள். கல்லின் பக்கவாட்டில் அவள் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. தோண்டினார்கள். பாதியைச் சரளை லாரிகள் முன்பே கொண்டுபோய்விட்டன. மிச்சம் ஒரு பக்கச் சுவரும் மூன்று கால்களும் கிடைத்தன. மூன்றுக்கும் பக்கத்தில் ஓர் உடைந்த தடம். அக்காவின் கையிலேயே கொடுத்தார் ஆபீசர். அவள் வைத்தாள். மண்ணோடு மண் உரசி நின்றது.

"அடடா, குள்ளன் கால் கெடச்சிடுச்சி! இனிமே அவன் கனவுல நொண்டாம வருவான்" என்றாள் கூடைக்காரப் பெண். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அங்கே முதலில் சிரித்தவள் அக்காதான்.

சாயங்காலம் அப்பாவின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க எத்தனை படி?"

"படியே இல்லப்பா. மேடுதான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் என்னை எண்ணி வர அனுப்பவில்லை. எண்ணுவதை நான் நிறுத்தவில்லை, உங்களுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். சேலையூரில் மருந்துக்கடைக்காரர் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அகலமான பட்டை, நடுவில் சிறு மெத்தை. எங்கள் குளியலறை ஆணியில் தொங்கிய ஐந்தாவது பட்டை. கடைக்காரர் இரண்டு தடவை "சார், சார்" என்று கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. டாக்டரும் சொல்லியிருந்தார், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று.

பன்னிரண்டு அக்காவின் எண் அல்ல. அது அப்பாவின் எண். குடலிறக்கத்தோடு அவரால் தூக்க முடிந்தது அவ்வளவுதான். அதை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறுகிறவளையும் கேட்கவில்லை, தூக்குகிறவரையும் கேட்கவில்லை. அவர் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது.

ஐந்தாவது கட்டத்தை அழித்துவிட்டேன். ரப்பர் தேய்த்த இடத்தில் என் எண்கள் மங்கலாகத் தெரிந்தால் மன்னிக்கவும். உங்கள் எண்ணை நீங்களே எழுதுங்கள். படியாகவும் எழுதலாம், எத்தனை தடவை உட்கார வேண்டும் என்றும் எழுதலாம். ஒரே பெஞ்சு போதாது என்றால் மடக்கு நாற்காலிகள் எடுத்துக்கொள்வோம். என் பெயருக்கு நேரே நான் போட்டிருந்த பதினொன்று பொய். எட்டு.

மூன்று பூஜ்யங்களில் ஒன்று நம் குடியிருப்பைச் சேர்ந்தவருடையது அல்ல. ஊரப்பாக்கத்தில் தரைத்தளத்தில் இருக்கும் என் அக்காவினுடையது. அருங்காட்சியகத்தின் இரண்டாவது அறையில், வலது ஓரத்தில், பட்டணத்திலிருந்து கொண்டுவந்து வைத்த ஒரு பாதிப் பெட்டி இருக்கிறது. நான்கு கால்கள், ஒன்று மட்டும் வெள்ளைச் சாந்து வைத்து ஒட்டியது. இரண்டு தடவை அதன் முன்னால் நின்றுவிட்டு வந்தேன். இரண்டு தடவையும் அவளிடம் சொல்லவில்லை. சக்கர நாற்காலி, காற்று, கைப்பிடி என்று எனக்குள்ளேயே கணக்குப் போட்டு முடிவுகட்டிவிட்டேன்.

நேற்று போன் போட்டேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பிறகு நான் அறுபது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, உன்னால எத்தனை படி முடியும்?"

"இப்ப ஒண்ணுகூட முடியாதுடா" என்றாள். "வண்டி எத்தனை மணிக்கு?"